கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா? – செப்சிஸும் சிறுநீரகத்தின் மூச்சும்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. கடுமையான கிருமித்தொற்றில் ரத்த அழுத்தம் சரிந்த ஒருவரை ஐ.சி.யூ.வில் சேர்க்கிறோம். மருந்து ஏற்றுகிறோம். அழுத்தம் ஏறிவிடுகிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளிடம் “பி.பி. வந்துடுச்சு” என்று சொல்கிறோம். அவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். சரி, பி.பி. வந்துவிட்டது. சிறுநீரகத்துக்குள் ஆக்சிஜன் வந்துவிட்டதா? இதுதான் கேள்வி. இதை மருத்துவர்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, நோயாளியின் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இதைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

செப்சிஸ் என்பது என்ன? “கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு” என்று டாக்டர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உடம்புக்குள் புகுந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் எதிர்ப்பாற்றல், நிதானம் தவறி நம் உறுப்புகளையே தாக்கும் நிலை அது. 2016-இல் உலக வல்லுநர்கள் கூடி வகுத்த வரையறையின் சாரமும் இதுதான். 2017-ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பின்படி உலகில் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது. 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதாவது, உலகில் நேர்ந்த ஐந்து சாவுகளில் ஒன்று! ஆண்டுதோறும் செப்டம்பர் 13-ஐ உலக செப்சிஸ் நாள் என்று கடைப்பிடிப்பது இந்தக் கொடுமையை நினைவூட்டத்தான்.

இது எங்கோ நடப்பது என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊரில் இதற்கு எத்தனை வழிகள்! நடவு வயலில் முழங்கால் நீரில் நிற்கும் பெண்ணின் காலில் சின்னக் கீறல், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், எலிக்காய்ச்சல். புதரோரம் ஆடு மேய்த்தவரின் இடுப்பு மடிப்பில் வலியே இல்லாத ஒரு கறுப்புப் பொருக்கு. அதுதான் ஸ்க்ரப் டைஃபஸ். சர்க்கரை நோய்க்காரரின் பாதத்தில் ஆறாத புண். முதியவருக்குச் சிறுநீர்த் தொற்று. பிரசவமான பெண்ணுக்கு நாலாம் நாள் குளிர்காய்ச்சல். வழிகள் வேறு வேறு. கவனிக்காமல் விட்டால் அத்தனையும் போய்ச் சேரும் இடம் ஒன்று: சரிந்த ரத்த அழுத்தம், சுணங்கிய சிறுநீரகம். 2005-இல் வெளியான, 23 நாடுகளை உள்ளடக்கிய பேராய்வில், ஐ.சி.யூ.வில் சிறுநீரகம் கடுமையாகச் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு செப்சிஸ் அதிர்ச்சி ஒரு காரணமாக இருந்தது.

இப்போது சிறுநீரகத்தைப் பார்ப்போம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம் எடை. உடம்பின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை அனுப்பினால், அதில் ஒரு லிட்டருக்கு மேல் இந்த இரண்டுக்கும் போகிறது! ஒரு நாளில் இவை வடிகட்டுவது 180 லிட்டர். அதில் நாம் வெளியேற்றுவது ஒன்றரை, இரண்டு லிட்டர். மீதி? மீதி அத்தனையும், உப்பும் நீரும் சத்துமாக, திரும்ப எடுக்கப்பட்டு ரத்தத்தில் சேர்க்கப்படுகிறது. சிறுநீரகம் செலவழிக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கு, உப்பைத் திரும்ப இழுக்கும் இந்த ஒரு வேலைக்கே போய்விடுகிறது.

இத்தனை ரத்தம் பாயும் உறுப்புக்கு ஆக்சிஜன் பஞ்சம் எப்படி வரும்? நியாயமான கேள்வி. விடை, சிறுநீரகத்தின் அமைப்பில் இருக்கிறது. அதன் வெளிப்பகுதி புறணி; உட்பகுதி அகணி. வருகிற ரத்தத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு புறணியிலேயே சுற்றிவிடுகிறது. அகணிக்குப் போவது மிஞ்சிய சிறுபங்குதான். அதனால் நல்ல ஆரோக்கியமானவருக்கே புறணியில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 50 என்றால், அகணியில் வெறும் 10 முதல் 20 வரைதான் இருக்கும். பஞ்சத்தின் விளிம்பிலேயே நின்றுகொண்டு வேலை செய்கிறது அகணி!

இயற்கை ஏன் இப்படி வைத்தது? நீரைச் சேமிக்கத்தான். அகணியில் உப்பு அடர்ந்து தேங்கியிருந்தால்தான் சிறுநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் திரும்ப எடுக்க முடியும். அங்கே ரத்தம் வேகமாகப் பாய்ந்தால் அந்த உப்பை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மெல்லப் பாய்கிறது, குறைவாகப் பாய்கிறது. போகிற குழாயும் திரும்புகிற குழாயும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுவதால், உள்ளே போகும் ஆக்சிஜனில் ஒரு பகுதி பாதி வழியிலேயே திரும்புகிற ரத்தத்துக்குத் தாவிவிடுகிறது. சித்திரை வெயிலில் நெய்வேலிச் சாலையில் கல் சுமக்கும் தொழிலாளி உடம்பு வற்றாமல் மாலைவரை வேலை பார்க்கிறாரே, அது இந்த ஏற்பாட்டின் கொடை. அந்தக் கொடைக்கு உடம்பு கொடுக்கும் விலைதான் அகணியின் ஆக்சிஜன் பஞ்சம்.

டெல்டாவின் கடைசியில் இருக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. மேட்டூரில் 120 அடி என்று பத்திரிகையில் வரும். கீழணையில் நீர் திறந்தாகிவிட்டது, வடவாற்றில் ஓடுகிறது, வீராணம் 47.5 அடியைத் தொட்டுவிட்டது என்று செய்தி வரும். கேட்டுவிட்டுக் கிள்ளையில் இருக்கும் விவசாயி என்ன கேட்பார்? “அதெல்லாம் சரிங்க, கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் அவர் பயிரும் இருக்கிறது, அவர் குடும்பமும் இருக்கிறது. சிறுநீரகத்தின் கடைமடைதான் அகணி. ஐ.சி.யூ. திரையில் நாம் பார்க்கும் ரத்த அழுத்தம், அணையின் நீர்மட்டம். அணை நிரம்பினால் கடைமடை நனைந்துவிடும் என்று கணக்குப் போடுவது எவ்வளவு பெரிய தவறு என்று இந்த மண்ணுக்குத் தெரியும். மருத்துவத்துக்கு அது மெல்ல மெல்லத்தான் புரிந்துவருகிறது.

சரி, அழுத்தத்தை எப்படி ஏற்றுகிறோம்? முதலில் ரத்தக்குழாய் வழியே திரவம். அது போதாவிட்டால் நார்அட்ரினலின். நம் நரம்பு நுனிகளில் சுரக்கும் பொருள்தான் இது என்று 1946-இல் கண்டறிந்தவர் ஸ்வீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர். 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செப்சிஸில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும். நார்அட்ரினலின் அவற்றை இறுக்கும், அழுத்தம் ஏறும். எவ்வளவு ஏற வேண்டும்? சராசரி அழுத்தம் 65 என்பது உலக வழிகாட்டுதல். கீழ் எண்ணோடு, மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், அதுதான் சராசரி. 120-க்கு 80 என்றால் சராசரி 93. 80-க்கு 50 என்றால் 60, ஆபத்து!

இங்கேதான் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஃப்ளோரி ஆய்வு நிறுவனத்தார் செய்த வேலை நம் கண்ணைத் திறக்கிறது. செம்மறி ஆடுகளின் சிறுநீரகத்தில், புறணியில் ஒன்று, அகணியில் ஒன்று என முடிபோன்ற மெல்லிய ஒளியிழைக் கருவிகளைப் பொருத்தினார்கள். ஈ.கோலை கிருமியைச் செலுத்தி செப்சிஸை உண்டாக்கினார்கள். என்ன கண்டார்கள்? முதல் வியப்பு: சிறுநீரகத்துக்குப் போகும் மொத்த ரத்தம் குறையவில்லை, கூடியது! ஆனால் அகணிக்குப் போகும் ரத்தம் குறைந்தது. அங்கே ஆக்சிஜன் சரிந்தது. இரண்டாவது வியப்பு, 2016-இல் யுகீஷ் லங்காதேவாவும் குழுவினரும் வெளியிட்டது: நார்அட்ரினலின் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பியது. அகணியின் ஆக்சிஜனோ, மேலும் இறங்கியது!

நினைத்துப் பாருங்கள். திரையில் எண் நன்றாக இருக்கிறது. புறணி நன்றாக இருக்கிறது. அகணி மட்டும் மூச்சுத் திணறுகிறது. குழாய்களை இறுக்கும் மருந்து, ஏற்கெனவே குறுகிய அகணிக் குழாய்களையும் இறுக்குகிறது. இன்னொன்றும் உண்டு. அழுத்தம் ஏறினால் வடிகட்டும் வேலை கூடும். வடிகட்டும் உப்பு கூடினால், அதைத் திரும்ப இழுக்க ஆக்சிஜன் தேவையும் கூடும். வரவு குறைந்த இடத்தில் செலவு ஏறுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தந்திருத்தமாகச் சொல்ல வேண்டும். யாரும் இதைக் கேட்டுவிட்டு நார்அட்ரினலினைக் கெட்ட மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. அது உயிர்காக்கும் மருந்து. அது இல்லாவிட்டால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாது. சிறுநீரகத்தைப் பற்றிப் பேச ஆளே இருக்க மாட்டார். ஆட்டில் கண்டது அப்படியே மனிதருக்குப் பொருந்தும் என்றும் நான் சொல்லவில்லை. நான் சொல்வது இதுதான்: அழுத்தம் ஏறியதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. அங்கேதான் பாதி வேலை தொடங்குகிறது.

அப்படியானால் அழுத்தத்தை இன்னும் உயர்த்திவிட்டால் என்ன? பிரான்ஸ் நாட்டில் 776 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு 65 முதல் 70. மறு சாராருக்கு 80 முதல் 85. இறப்பில் வேறுபாடு இல்லை. உயர்த்தியவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவது கூடுதல். ஆனால், ஆண்டுக்கணக்காக பி.பி. உள்ளவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைத்தவர்களுக்கு டயாலிசிஸ் தேவை குறைந்தது. பிரிட்டனில் 65 வயதைக் கடந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நேர்மாறாகச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். 60 முதல் 65 வரை இருந்தால் போதும் என்று மருந்தைக் குறைத்தார்கள். இறப்பு கூடவில்லை.

இவை சொல்லும் பாடம் என்ன? எல்லாருக்கும் ஒரே எண் பொருந்தாது. ஒருவருக்கு எது வழக்கமான அழுத்தம் என்று தெரிந்தால்தான், அவருக்கு எது போதும் என்று முடிவெடுக்க முடியும். மயங்கிக் கிடக்கும் பெரியவரை நள்ளிரவில் 108-இல் கொண்டுவருகிறீர்கள். “பெரியவருக்கு பி.பி. உண்டா? எவ்வளவு இருக்கும்? என்ன மாத்திரை?” என்று கேட்கிறோம். மகன் மருமகளைப் பார்க்கிறார்; மருமகள் பேரனைப் பார்க்கிறார். தாய்மார்களே, 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் உங்கள் வாசலுக்கே வந்து பி.பி. பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அலமாரியில் பூட்டாதீர்கள். மருத்துவமனைக்கு வரும்போது பணத்தோடும் ஆதார் அட்டையோடும் அந்த நோட்டும் வரட்டும். உங்கள் வீட்டுப் பெரியவரின் சிறுநீரகத்தை அந்த எண் காப்பாற்றக்கூடும்.

வேறு மருந்துகள் இல்லையா? இருக்கின்றன. வாசோப்ரெசின் கொடுத்த செம்மறி ஆடுகளில், அழுத்தம் ஏறியபோதும் அகணியின் ஆக்சிஜன் அவ்வளவாகச் சரியவில்லை. ஆனால் 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 409 நோயாளிகளிடம் பார்த்தபோது சிறுநீரகச் செயலிழப்பு குறைந்ததாக நிறுவ முடியவில்லை. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் மட்டும் குறைவாக இருந்தார்கள். வைட்டமின் சி-யை மிகப் பேரளவில் கொடுத்தபோது ஆடுகளின் அகணி மீண்டது. ஆனால் 2022-இல் வெளியான, 872 நோயாளிகளிடம் செய்த லோவிட் ஆய்வில், அதைவிடக் குறைந்த அளவு வைட்டமின் சி பெற்றவர்களுக்கு நிலைமை மோசமானது. ஆட்டில் நல்லது நடந்தது என்று வாட்ஸாப்பில் படித்துவிட்டு மாத்திரை அட்டையைத் தேடி ஓடுவோர் இதைக் கேட்க வேண்டும். நம்பிக்கை வேண்டும், அவசரம் வேண்டாம்.

சரி, அகணி திணறுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்கிறோம். அது தாமதமாக வரும் செய்தி. சிறுநீரகம் அடிபட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அந்த எண் ஏறும். அகணியைத் தாண்டி வரும் சிறுநீரோ, அங்கே எவ்வளவு ஆக்சிஜன் இருந்தது என்ற செய்தியைத் தன்னுடனே சுமந்து வருகிறது. சிறுநீரை வெளியேற்றச் செருகும் குழாயின் நுனியில் ஒளியிழையைப் பொருத்தி அந்த ஆக்சிஜனை நொடிக்கு நொடி அளக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். இதய அறுவை சிகிச்சை நோயாளிகளில், அந்த அளவு தாழ்ந்தவர்களுக்கே பின்னால் சிறுநீரகம் அதிகம் பாதிக்கப்பட்டது.

அந்தக் கருவி நம் வார்டுக்கு வரும்வரை கை கட்டி நிற்பதா? இல்லை! இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கட்டிலருகே குனிகிறார். சிறுநீர்ப் பைக்கு மேலே உள்ள சின்ன அளவுப் பெட்டியில், கோடுகளின் மீது டார்ச் அடிக்கிறார். 20 மில்லி. போன மணி நேரம் 35. அதற்கு முந்தைய மணி 50. எழுதுகிறார். நிறத்தைப் பார்க்கிறார், கட்டன் காப்பிபோல் கறுத்திருக்கிறது. பெட்டியைக் காலி செய்து வைத்துவிட்டு டாக்டரை எழுப்புகிறார். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்து ஆறு மணி நேரம் நீடித்தால், சிறுநீரகப் பாதிப்பு தொடங்கிவிட்டது என்று 2012-இன் உலக வரையறை சொல்கிறது. கிரியாட்டினின் நாளைக்குச் சொல்லப்போவதை அந்தச் சகோதரி இன்றே சொல்லிவிட்டார்!

இன்னொன்று. எல்லாரும் இப்போதே உங்கள் விரல் நுனியை அழுத்துங்கள். பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். விடுங்கள். வெளுத்த இடம் சட்டென்று சிவக்கிறதா? நல்லது. மூன்று நொடிக்கு மேலானால் நுண்குழாய்களுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. தென்னமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 நோயாளிகளிடம் இதை வைத்தே சிகிச்சையை நடத்தி 2019-இல் வெளியிட்டார்கள். லாக்டேட் என்ற ரத்தப் பரிசோதனைக்கு இந்த விரல் சோதனை சளைத்ததல்ல என்று தெரிந்தது. செலவு? ஒரு பைசா இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம், ஆம்புலன்சிலும் செய்யலாம்.

பெரியோர்களே, நாம் வீட்டிலேயே செய்யும் ஒரு தீங்கைச் சொல்லாமல் விட முடியாது. காய்ச்சல் என்றால் “ஒரு ஊசி போடுங்க, உடம்புவலி தாங்கல” என்று கேட்கிறோம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து ஏறுகிறது. அகணியின் குழாய்கள் சுருங்கிவிடாமல் திறந்து வைத்திருக்கும் ப்ராஸ்டகிளாண்டின் என்ற பொருளை அந்த மருந்து அடக்கிவிடுகிறது. நல்ல உடம்பு சமாளித்துக்கொள்ளும். காய்ச்சலில் வற்றி, அழுத்தம் சரியத் தொடங்கிய உடம்பு எப்படிச் சமாளிக்கும்? கடைமடைக்குப் போகும் கடைசி மதகையும் நாமே அடைக்கிறோம்! மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான். இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் நம்பிக்கைதானே தவிர, மருத்துவம் அல்ல. அளவோடு ஏற்றினால் அமுதம். அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்து, சிறுநீரகமும் வீங்கி, உள்ளே போக வேண்டிய ரத்தத்துக்கே தடையாகும்.

எது சிறுநீரகத்தைக் காக்கும்? நேரம். நேரம்தான்! அதிர்ச்சி நிலையில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் சரியான ஆன்டிபயாட்டிக். சீழ் இருந்தால் உடனே வெளியேற்றுவது. கிருமி அடங்கினால் குழாய்த் தளர்ச்சி அடங்கும். நார்அட்ரினலின் தேவை குறையும். அகணி மூச்சு விடும். கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஒரு மருந்தைவிட டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று 2023-இல் உலகுக்குக் காட்டியது, நம் வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு. உலகத்துக்குப் பாடம் சொல்லும் தகுதி நமக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாணவ மணிகளே, உங்களிடம்தான் என் பெரிய வேண்டுகோள். 1929-இல் பிறந்த பல்கலைக்கழகத்தின் ஊர் இது. 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக நிற்கும் நிறுவனம் இங்கே இருக்கிறது. அண்ணாமலை நகரில் பொறியியலும் மருத்துவமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சிறுநீரின் ஆக்சிஜனை அளக்கும் மலிவான கருவியை மெல்போர்ன்தான் செய்து அனுப்ப வேண்டுமா? ஒளியிழையைப் படித்த மாணவர் ஒரு பக்கம், நோயாளியின் கட்டிலருகே நிற்கும் மாணவர் மறு பக்கம். சேர்ந்து உட்காருங்கள்! எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைஃபஸும் பாம்புக்கடியும் பார்க்கும் இந்த மாவட்டத்தில் கிடைக்கும் அறிவு, வேறு எங்கும் கிடைக்காது.

செவிலியர் சகோதரிகளே, நீங்கள் எழுதும் அந்த மணிக்கணக்குச் சிறுநீர் அளவுதான் இன்று நம்மிடம் இருக்கும் முதல் எச்சரிக்கை. அது குறைந்தால் பெரிய டாக்டர் தூங்குகிறார் என்று தயங்காதீர்கள், எழுப்புங்கள். மருத்துவ நண்பர்களே, 65 வந்ததும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதீர்கள். விரலை அழுத்திப் பாருங்கள், பையைக் குனிந்து பாருங்கள், இந்த மனிதரின் வழக்கமான அழுத்தம் என்ன என்று வீட்டாரைக் கேளுங்கள். பொதுமக்களே, காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், கை கால் சில்லிட்டால், காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நொடியே 108-ஐ அழையுங்கள். அழைத்துச் சேர்த்த பிறகு, “பி.பி. எவ்வளவு?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “யூரின் எவ்வளவு போகுது டாக்டர்?” என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை.